எட்டு மாத ஊர்

வேலூர் வெயில் என்றாலே மற்ற ஊர்க்காரர்களுக்கு ஒரு காலத்தில் சிரிப்பு. நாங்களும் கூடச் சேர்ந்து சிரித்தவர்கள்தான். "எங்க ஊருல ரெண்டே சீசனு, வெயிலு, அக்கினி வெயிலு" என்று நாங்களே சொல்லிக்கொள்வோம். அப்புறம் ஒரு சித்திரையில் கோழிகள் கூண்டோடு செத்து விழுந்தன. அடுத்த சித்திரையில் மனிதர்கள் விழ ஆரம்பித்தார்கள். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. ஊரையே காலி செய்யச் சொல்லிவிட்டது அரசாங்கம். வரும் கோடையில் இங்கே கரெண்டும் இருக்காது, தண்ணீரும் இருக்காது. போவதற்கு இரண்டு ஊர் கட்டி வைத்திருக்கிறோம், எது வேண்டும் என்று தை முடிவதற்குள் சொல்லிவிடுங்கள், சொன்னபின் மாற்றமில்லை என்றார்கள். கல்யாணப் புடவை எடுக்கவே மூன்று கடை ஏறி இறங்கியவள் நான். வாழப்போகும் ஊரை இப்படிச் சட்டென்று சொல் என்றால் எரிச்சல் வருமா வராதா?

ஒரு ஊர் குடைநகர். ஜவ்வாது மலையைக் குடைந்து உள்ளுக்குள் கட்டியது. வருஷம் முழுக்க ஒரே குளுமை. வானம் மட்டும் கிடையாது. அப்பா போன பிறகு தனியாக இருந்த எங்கள் அம்மா பூங்காவனம், புரட்டாசியிலேயே அங்கே குடியேறிவிட்டாள்.

இன்னொன்று துயிலூர். பாலாறு கடலில் சேரும் இடத்தில், திறந்தவெளியில் இருக்கிறது. எட்டு மாதம் கடை, தெரு, மழை, சண்டை என்று எல்லாம் உண்டு. சித்திரை பிறந்ததும் ஊரே படுத்துத் தூங்கிவிடும். துயில்மண்டபத்தில் வரிசையாகப் படுக்க வைத்து, ஊசி போட்டு, உடம்பைக் குளிரவைத்து, நாடி இருக்கிறதா என்று தேட வேண்டிய அளவுக்கு இறக்கிவிடுவார்கள். ஆடிப்பெருக்கு அன்று காலையில் எழுப்புவார்கள். நடுவில் பசியில்லை, மூப்பில்லை, வெயிலும் தெரியாது.

என் புருஷன் தணிகைவேல் ஏசி மெக்கானிக். அவருக்குத் துயிலூர் என்றால் உயிர். அம்மாவுக்கோ அந்தப் பேரே ஆகாது.

"பொணத்த வைக்கிற பொட்டியில உசுரோட போய்ப் படுக்கணும்னு இன்னா தலையெழுத்து? அவருகிட்டச் சொல்லு" என்பாள் போனில்.

"அது பொட்டி இல்ல, படுக்கைன்னு அத்தைக்குச் சொல்லு. கம்ப்ரஸரெல்லாம் நான் போய்ப் பாத்துட்டேன். ஒண்ணு நின்னா இன்னொண்ணு ஓடும்" என்பார் இவர், பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு.

இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொண்டதே இல்லை. மாப்பிள்ளை முன்னால் அம்மா நாற்காலியில் கூட உட்காரமாட்டாள். எதுவானாலும் நடுவில் நான்தான் தபால்காரி. கல்யாணமான இந்த நான்கு வருஷமும் இப்படியே போயிற்று.

இதற்கு நடுவில் இன்னொரு சங்கதியும் இருந்தது. எனக்கு அப்போது மூன்றாம் மாதம். நான்கு வருஷம் கோயில் கோயிலாக, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்த பிறகு தங்கியது. மாதம் முழுசாக முடிகிறவரை வெளியே மூச்சு விடக்கூடாது என்று தணிகையின் வாயைக் கட்டிவைத்திருந்தேன். அம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லை.

இரண்டு ஊரையும் கண்ணால் பார்த்துவிட்டு முடிவு செய்வோம் என்று பொங்கல் கழிந்ததும் கிளம்பினோம்.

குடைநகர் வாசலில் பெரிய பலகை ஒன்றில் ஓர் எண் ஒளிர்ந்துகொண்டிருந்தது. உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற கணக்கு அது. நாங்கள் நுழைந்ததும் இரண்டு கூடி, பச்சையாக இருந்தது மஞ்சளாக மாறியது. காவலாளி எங்களைப் பார்த்த பார்வையில், சீக்கிரம் திரும்பிப் போங்கள் என்று எழுதி ஒட்டியிருந்தது.

அம்மாவின் வீடு ஓர் அறைதான். ஆனாலும் துப்புரவு. சுவரில் ஜன்னல் அளவுக்கு ஒரு திரை. "எப்ப வேணும்னாலும் மழை போட்டுக்கலாம் தெரியுமா?" என்று பெருமையாக ஒரு பொத்தானை அழுத்தினாள். திரையில் மழை பெய்தது. சாம்பார் ஊற்றினாள். வாயில் வைத்தேன்.

"தாளிக்க மறந்துட்டியாம்மா?"

"இங்க தாளிக்கக்கூடாதுடி. கடுகு வெடிச்சிப் பொக வந்தா மணி அடிச்சிரும். எல்லாரும் சுவாசிக்கிற காத்தாச்சே."

"கடுகு பொரியாத சாம்பாரா?"

"பழகிரும்" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

எனக்குப் பால்வாடியில் டீச்சர் வேலை. அதனால் எந்த ஊருக்குப் போனாலும் முதலில் பால்வாடி எங்கே என்று கேட்பேன். அம்மா கூட்டிப்போய்க் காட்டினாள். பொம்மையும் படமுமாக ஜோராக இருந்தது. குழந்தைகள் மட்டும் விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான்.

"புள்ளைங்க கம்மியா இருக்குதே?"

"இங்க முறை வச்சுத்தாண்டி புள்ள. ஊருல ஒருத்தர் போனாத்தான் இன்னொருத்தர் வரலாம். வரிசையில பேர் குடுத்துட்டுக் காத்திருக்கணும். நல்ல ஏற்பாடுதான், இன்னா சொல்ற? மூச்சு விட எல்லாருக்கும் காத்து வேணுமே."

தணிகை என்னைப் பார்த்தார். திரும்பி வரும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் முதல் பேச்சே இதுதான்.

"பாத்தியா கோமு? நமக்குத் துயிலூர்தான். அங்க எடத்துக்கா பஞ்சம்? நம்ம புள்ள மண்ணுல உருண்டு வெளையாடும்."

அவர் சொன்னதை நான் அப்படியே நம்பினேன்.

துயிலூரில் இறங்கியதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. எவ்வளவு வானம்! தை மாதத்துக் காற்று கடலிலிருந்து சில்லென்று வந்து முந்தானையைப் பிடுங்கியது. மீன்காரிகள் கத்தினார்கள். எங்கேயோ ரசத்துக்குத் தாளிக்கும் வாசனை. நான்கு மாதம் தூங்கி எழுந்தவர்களுக்கு எல்லாவற்றிலும் அவசரம். கல்யாணம், காதுகுத்து, திருவிழா, தேர்தல் எல்லாவற்றையும் எட்டு மாதத்துக்குள் முடித்தாக வேண்டும். பெண்டாட்டியோடு சண்டை போட்டால்கூட மறுநாளே சமாதானம் ஆகிவிட வேண்டுமாம், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள நேரம் கிடையாதாம். தணிகைக்குக் குளிர்யந்திரக் கூடத்தில் நின்ற இடத்திலேயே வேலை போட்டுக் கொடுத்து, மண்டபத்தில் எங்கள் இருவருக்கும் படுக்கையும் ஒதுக்கிவிட்டார்கள். மனுஷனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஆற்று முகத்துவாரத்தில் முனிரத்தினம் என்ற அக்கா இறால் வடை சுட்டுக்கொண்டிருந்தார். வடையை வாங்கிக்கொண்டு வழக்கம்போல் கேட்டேன்.

"பால்வாடி எங்கக்கா இருக்குது?"

"பால்வாடியா? யாருக்கும்மா?"

"நான் பால்வாடி டீச்சருக்கா. வேலை கேக்கத்தான்."

அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். "காலையிலேர்ந்து ஊர சுத்துறீங்களே, நாலு வயசுப் புள்ள ஒண்ணு கண்ணுல பட்டுச்சா?"

யோசித்துப் பார்த்தேன். பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போன பிள்ளைகளைப் பார்த்தேன். அதில் சின்னதுக்கே ஏழு வயது இருக்கும். இடுப்பில் குழந்தையோடு ஒருத்தியைக்கூடப் பார்க்கவில்லை. தொட்டில் பார்க்கவில்லை. ஒரு கொடியில்கூட இத்தனூண்டு சட்டை காயவில்லை.

"எட்டு மாச ஊருல பத்து மாசப் புள்ள எப்படிம்மா பொறக்கும்?" என்றார் முனிரத்தினம் அக்கா.

எனக்குப் புரியவில்லை. புரிந்தபோது வடை கையிலேயே நின்றுவிட்டது.

"வயித்துல இருக்கும்போது தூங்க வெக்கக் கூடாதாக்கா?"

"அந்தக் குளிரு பொறந்த உடம்பைத்தான் விட்டுவைக்கும், கைக்குழந்தைன்னாலும் சரி. வயித்துல இருக்கறது தாங்காது. பங்குனியில எல்லாப் பொம்பளைக்கும் சோதனை உண்டு. இருந்தா கலைச்சுட்டுத்தான் படுக்கணும்."

"முழிச்சிருந்தா?"

"எங்கம்மா இருப்ப? சித்திரை, வைகாசியில இங்க காக்கா கூடப் பறக்காது. இருக்கற கரெண்டெல்லாம் மண்டபத்துக்குத்தான். முழிச்சிருக்கற ஒருத்திய குளிர வெக்கிற கரெண்டுல தூங்குறவங்க நூறு பேர வெக்கலாம்ங்கறான். போன வருஷம் எங்க பக்கத்து வூட்டுப் பொண்ணு படுக்கமாட்டேன்னு போய் ஒளிஞ்சுக்கிச்சு. ஆடியில எழுந்து வந்து கதவ ஒடைச்சுப் பாத்தோம்." அக்கா வடைச்சட்டியின் ஓரத்தைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். "அவ பொழச்சுக்கிட்டா. அவ மட்டும்தான்."

"குடைநகருக்குப் போயிருக்கலாமே!"

"கேக்காமயா இருந்தோம்? அங்க வாசல்ல ஒரு நம்பரு ஓடுதுல்ல? வயித்தோட ஒருத்தி வந்தா ரெண்டு ஆளு. எடமில்லம்மான்னு கையெடுத்துக் கும்பிடுறாங்க."

"ஊரைக் கட்டும்போது இத ஒருத்தரும் யோசிக்கலையாக்கா?"

"யோசிச்ச ஆளுங்க எவனுக்கும் வயிறு இல்லியேம்மா."

தணிகை பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். நான் அவர் எதிரில் போய் நின்றேன்.

"நான் புள்ளைய விடமாட்டேன்."

"யாருடி விடச் சொன்னது?"

"அப்ப எந்த ஊரு? அதச் சொல்லுங்க. இங்க வந்தா புள்ளைக்கு நேரமில்ல. அங்க போனா புள்ளைக்கு எடமில்ல. வேலூருல இருந்தா மூணு பேரும் கருவாடு. எங்க போய்ப் பெக்கறது?"

எப்போதும் ஏதாவது ஒரு பதில் வைத்திருக்கிற மனுஷன் அன்று மணலைக் கிளறிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

மறுநாளே மறுபடி குடைநகருக்கு ஓடினோம். விஷயத்தைச் சொன்னதும் அம்மா என் கன்னத்தை வழித்துத் தன் நெற்றியில் சொடுக்கினாள். அடுத்த நிமிஷம் தலையில் அடித்துக்கொண்டாள். அதற்கும் அடுத்த நிமிஷம் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"தலைப்பிரசவம் தாய்வீட்டுலதான். ஊரு உலகத்துல உள்ளதுதான? வாடி, நான் கேக்கறேன்."

குடியேற்ற அலுவலகத்தில் வேதநாயகி மேடம் என்று ஓர் அதிகாரி. நாற்பது வயதிருக்கும், குரலை உயர்த்தாதவர். அம்மா அவர் மேஜை மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டாள்.

"தலைப்பிரசவத்துக்குப் பொண்ணு தாய்வீட்டுக்கு வருது. இதுல கேள்வி கேக்க இன்னா இருக்குது?"

"அம்மா, தாய்வீடுன்னு ஒரு கணக்கே எங்ககிட்ட இல்லை" என்றார் அவர். "மலைக்குள்ள காத்து இவ்வளவு பேருக்குத்தான்னு அளந்து வச்சிருக்கு. இப்பவே மஞ்சள் விளக்கு. உங்க பொண்ணுக்குக் குடுத்தா துயிலூர்ல காத்திருக்கற மத்த பொண்ணுங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"ஒரே ஒரு கோடை மேடம்" என்றேன். "ஆடிப்பெருக்குக்கு அங்க ஊரு எழுந்ததும் புள்ளையத் தூக்கிக்கிட்டுத் துயிலூருக்கே போயிடறோம்."

"எல்லாரும் அப்படித்தாங்க சொல்றாங்க." கொஞ்சம் நிறுத்தினார். "இந்த ஊர்லயே பிள்ளை வரிசையில என் பேர் ஒன்பது வருஷமா இருக்கு. எனக்கே இடமில்லை. நான் யாருக்குக் குடுக்க?"

அதை அவர் சொன்ன விதம், மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வதைப் போல இருந்தது. எனக்குப் பாவமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. எனக்குக் கோபம்தான் முதலில் வாய்க்கு வரும்.

"அப்ப இங்க யாராவது செத்தாத்தான் எனக்கு எடமா?"

"ஆள் குறையணும். அவ்வளவுதான்."

"செத்தாத்தான் ஆள் குறையுமா? அங்க ஒரு ஊரே நாலு மாசம் செத்த மாதிரி மூச்சில்லாம கெடக்குது! நான் இங்க வந்துட்டா அங்க என் படுக்கை சும்மாத்தான கெடக்கும்? இங்கேருந்து ஒருத்தர் போய் அதுல படுத்தா உங்க நம்பர்ல ஒண்ணு குறையாதா? அது கூடவா தெரியல படிச்சவங்களுக்கு?"

சத்தியமாகச் சொல்கிறேன், யோசித்துப் பேசவில்லை. வாயடைக்க வேண்டும் என்று அடித்த பேச்சு அது. ஆனால் வேதநாயகி மேடம் பதில் சொல்ல வாயைத் திறந்து, மூடி, கண்ணாடியைக் கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டார்.

"குறையும்" என்றார்.

மேஜை மேலிருந்த கணக்குத் தாளை எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டு வைத்தார்.

"ஆனா இந்த ஊர்லேருந்து யாருங்க போய் அங்க படுப்பாங்க? அதுக்குப் பயந்துதானே எல்லாரும் இங்க வந்தது?"

"நான் போறேன்" என்றாள் எங்கள் அம்மா.

பொட்டி என்றும் பிணம் என்றும் போனில் புலம்பிய அதே பூங்காவனம். எனக்குச் சந்தோஷம் பொங்கியது. அலுவலகத்தைவிட்டு வெளியே வந்து நாலு எட்டு வைத்த பிறகுதான் உறைத்தது. அம்மா அங்கே படுத்தால் பிரசவத்தின்போது என் பக்கத்தில் யார்?

"வேணாம்மா" என்றேன். "நீ இல்லாத தாய்வீடு எனக்கு எதுக்கு?"

"வூடு வேணுமா, நான் வேணுமான்னு கேட்டா வூடு வேணும்னு சொல்லுடி. புள்ள பொழைக்கறது வூட்டாலதான்."

"பயமா இல்லியா உனக்கு?"

"இல்லாம?" என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நாலு வருஷமா எத்தன சாமிக்கு வேண்டிக்கினேன் தெரியுமா? எல்லாச் சாமியும் ஏதாவது ஒண்ணு கேக்கும். இது தூக்கத்தக் கேக்குது. குடுத்துட்டுப் போறேன்."

ஆனாலும் கதை அதோடு முடியவில்லை. புருஷன் பெண்டாட்டி படுக்கைகள் மண்டபத்தில் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கும். என் படுக்கைக்கு அடுத்தது தணிகையுடையது. குழாய்களெல்லாம் பொருத்தியாகிவிட்டது, மாற்ற முடியாது என்றார்கள். இதைக் கேட்டதும் அம்மா, சாவுக்குக்கூட இவ்வளவு பயப்படாதவள், நடுநடுங்கிப் போனாள்.

"மாப்பிள்ள பக்கத்துலயா? சீச்சீ! எதிர்ல உக்காந்ததே இல்ல, போய்ப் படுக்கறதா? ஊரே சிரிக்கும்டி."

"ஊரே தூங்கும்மா!"

"எவளாவது முன்னாடியே முழிச்சுப் பாத்தா?"

இரண்டு நாள் இதே பாட்டு. நான் கெஞ்சினேன், கத்தினேன். கடைசியில் தணிகைதான் வழி சொன்னார். "நடுவுல நானே ஒரு தட்டி கட்டித் தரேன்னு அத்தைக்குச் சொல்லு. கூரை உயரத்துக்கு. கொசு கூட எட்டிப் பாக்காது." கட்டியும் கொடுத்தார். அம்மா நேரில் போய்த் தட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சம்மதித்தாள். தை கடைசியில் துயிலூர் என்று சொல்லிவிட்டோம்.

ஒரு சிக்கல் பாக்கி இருந்தது. என்னைச் சேர்த்துக்கொள்ள இரண்டு ஆள் குறைய வேண்டும். அம்மா ஒன்று. இன்னொருவர் வேண்டுமே? வேதநாயகி மேடம் மேலிடத்தில் மல்லுக்கட்டி அனுமதியும் துயிலூரில் கூடுதல் படுக்கையும் வாங்கி, குடைநகர் முழுக்க ஒலிபெருக்கியில் கேட்டார். ஒரே ஒருவர், நான்கு மாதம் தூங்க, பங்குனி கடைசியில் வாசலில் பஸ் நிற்கும். வேறொன்றும் சொல்லவில்லை. அந்த ஒருவரும் வரமாட்டார் என்று அவரே நினைத்தாராம்.

அன்று காலை அம்மாவின் பையைத் தூக்கிக்கொண்டு நான் வாசலுக்கு வந்தால், வரிசை சுரங்கத்தின் வளைவைத் தாண்டி நீண்டிருந்தது. ஆணும் பெண்ணும், பாதிப் பேர் நரைத்த தலைகள். யாருக்கும் தியாகம் செய்கிற முகம் இல்லை. பள்ளிச் சுற்றுலாவுக்குக் கிளம்பியவர்களைப் போல இருந்தார்கள்.

"ஆடிப்பெருக்கு அன்னிக்கு எழுப்பறப்போ வெளியில நெசமான காத்து அடிக்கும்தான?" என்று ஒரு பெரியவர் டிரைவரைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஓர் அம்மாள் பையைத் திறந்து எனக்குக் காட்டினார். உள்ளே ஒரு டப்பாவில் கடுகும் காய்ந்த மிளகாயும். "எழுந்ததும் மொத வேலையா ஒரு கொழம்பு தாளிச்சுட்டுத்தான் திரும்பி வருவேன்" என்றார்.

வேதநாயகி மேடம் வரிசையைப் பார்த்தபடி கன்னத்தில் கைவைத்து நின்றார். ஒரு பஸ் போதவில்லை. மூன்று பஸ் வரவழைத்தார்கள். அவை துயிலூரில் தூங்கப் போகிறவர்களை இறக்கிவிட்டு, திரும்பி வரும்போது வயிறும் பையுமாகப் பெண்களை ஏற்றிக்கொண்டு வந்தன. பங்குனிச் சோதனைக்குப் பயந்து வீட்டுக்குள் முடங்கியிருந்தவர்கள் அவர்கள். அப்படியே ஏறி வந்துவிட்டார்கள்.

மண்டபம் வரை நானும் போயிருந்தேன். தட்டிக்கு ஒரு பக்கம் அம்மா படுத்துவிட்டாள். நர்சு ஊசியோடு வந்தாள். நான் மறுபக்கம் போனேன். அங்கே படுத்திருந்த தணிகை என் கையை இழுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையை என் வயிற்றில் வைத்திருந்தார். உள்ளே உதைத்தது. "எட்டி உதைக்கறான் பாரு" என்றார். "பொண்ணு" என்றேன்.

அப்போது தட்டிக்கு அப்பாலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"மாப்பிள்ள."

எங்கள் இருவருக்கும் தூக்கிவாரிப்போட்டது. நான்கு வருஷத்தில் முதல்முறை.

"சொல்லுங்க அத்த."

"நான் எழுந்திருக்கலன்னா அவகிட்ட ஒடனே சொல்லிடாதீங்க. பால் குடுக்கற ஒடம்பு. ரெண்டு நாள் கழிச்சுச் சொல்லுங்க."

நான் அங்கேதான் நிற்கிறேன் என்பது அவளுக்குத் தெரியவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றேன். தணிகை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீங்க எழுந்திருப்பீங்க அத்த, கம்ப்ரஸரு என் பொறுப்பு" என்றார். அதற்குள் அம்மாவுக்கு ஊசி போட்டுவிட்டார்கள்.

ஆடி பிறந்த இரண்டாம் நாள் எனக்கு வலி கண்டது. அம்மாவின் அறைக்கு அடுத்த வளைவில்தான் ஆஸ்பத்திரி. அம்மா அம்மா என்று மலையே அதிரக் கத்தினேன். சுற்றிலும் அத்தனை பேர் இருந்தார்கள், நான் கூப்பிட்ட ஆள் மட்டும் இல்லை. வேதநாயகி மேடம் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். வாசலில் உள்ள எண்ணைச் சரிபார்க்க வேண்டியவர் அவர், அதற்காக வந்தார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"பேச்சுக் குடுக்கட்டுமா?" என்றார். "பஸ்ல போனவங்க பாதிப் பேர் இனிமே வருஷா வருஷம் போறதா கிளம்பறதுக்கு முன்னாடியே எழுதிக் குடுத்துட்டாங்க. இடம் மிச்சமாகுது. என் வரிசை வந்துடுச்சுங்க."

"எப்ப மேடம்?"

"நேத்து சாயங்காலம்."

அந்த வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பும் அலறலும் ஒன்றாக வந்து, அதிலேயே பிள்ளை பிறந்தது. பெண். அவரும் நானும் கட்டிக்கொண்டு அழுதோம். ஆனால் அழுது ஓய்ந்தபின் எனக்கு ஒரே நினைப்புத்தான். அம்மா எழுந்திருக்க வேண்டும்.

ஆடிப்பெருக்கு அன்று விடிந்ததும், பஸ் நிறையக் குழந்தைகளும் நாங்களுமாகத் துயிலூர் மண்டபத்துக்குள் போனோம். வரிசை வரிசையாக விளக்குகள் எரிய ஆரம்பித்தன. இருமல், முனகல், கொட்டாவி. தணிகை கண் திறந்ததும் கையை நீட்டி என் வயிற்றைத் தேடினார். அங்கே ஒன்றும் இல்லை. பதறி எழுந்தார்.

"கோமு, இப்பத்தான உதைச்சுது! எங்கடி?"

"தோ" என்று பிள்ளையைக் காட்டினேன். பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி பிள்ளையைப் பார்த்தார். ஊசி போட்டுக் கண்ணை மூடித் திறப்பதற்குள் அப்பா ஆகிவிட்ட மனுஷன், தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்தார். நான் அவரைத் தேற்றவில்லை. தட்டியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் ஓடினேன்.

அம்மா எழுந்திருக்கவில்லை.

அக்கம்பக்கத்தில் எல்லாரும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். கடுகு டப்பா அம்மாள் கால் நீட்டி நெட்டி முறித்துக்கொண்டிருந்தார். அம்மா மட்டும் மெழுகு மாதிரி கிடந்தாள். நர்சு மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, "சில பேருக்குக் கொஞ்ச நேரம் ஆவும், பயப்படாதீங்க" என்றாள். அவள் முகத்தைப் பார்த்தேன். அவளும் பயந்துதான் இருந்தாள். தணிகை தட்டியைப் பிடுங்கிக் கீழே போட்டுவிட்டு வந்து அம்மாவின் பாதங்களைப் பிடித்துச் சூடு பறக்கத் தேய்த்தார். "அத்த, எழுந்திருங்க அத்த, கம்ப்ரஸரு ஒரு நிமிஷம் கூட நிக்கலியாம் அத்த" என்று சின்னப் பிள்ளை மாதிரி சொல்லிக்கொண்டே தேய்த்தார். ஒரு பிள்ளையைக் கேட்டேன், அதற்கு அம்மாவை எடுத்துக்கொண்டாயா என்று எந்தச் சாமியிடமோ சண்டை போட்டுக்கொண்டு நின்றேன்.

பிள்ளைக்குப் பசித்துவிட்டது. வீல் என்று ஒரு சத்தம். ஆறு வருஷமாகக் குழந்தை அழுத குரலே கேட்டிராத ஊர் அது. மண்டபம் முழுக்கப் பேச்சு நின்றுபோயிற்று. எல்லாரும் அப்படியே திரும்பிப் பார்த்தார்கள்.

"பால் குடுடி, அழுவுது" என்றாள் அம்மா.

கண் இன்னும் மூடித்தான் இருந்தது. அப்புறம் ஒரு கண் திறந்தது. இன்னொன்று திறந்தது. என் கையில் இருந்ததைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். கையைத் தூக்க முடியாமல் தூக்கி, குட்டிக் காலைத் தொட்டு, ஒவ்வொரு விரலாக வருடினாள். அவள் வாய் கோணிக்கொண்டது.

"நான் இல்லாமலே பெத்துட்டியேடி."

"நீ இல்லாம எங்கம்மா பெத்தேன்? உன் எடத்துலதான் பெத்தேன்."

அவ்வளவுதான், இரண்டு பேரும் உடைந்துவிட்டோம். பிள்ளையும் சேர்ந்து அழுதது. முனிரத்தினம் அக்கா மூன்றாவது வரிசையிலிருந்து எழுந்து தள்ளாடித் தள்ளாடி வந்து, எங்கள் மூவரையும் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் ஊரே நின்றது. எல்லாருக்கும் பிள்ளையைத் தொட்டுப் பார்க்க வேண்டுமாம்.

அம்மா மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டு, கூட்டம் முழுவதும் கேட்கும்படி சொன்னாள்:

"அடுத்த பிரசவத்துக்கு நான் முழிச்சிருப்பேன், இப்பவே சொல்லிட்டேன். வேற எவளாவது வந்து தூங்கட்டும்."